நொதியையும் செல்லையும் கெடுக்காத பாலிமர் பஃபர்: தேர்வு முதல் சேமிப்பு வரை

பஃபரில் (பிஎச்சை நிலையாக வைத்திருக்கும் கரைசலில்) பிஇஜி எனப்படும் பாலிஎத்திலீன் கிளைகால், டெக்ஸ்ட்ரான், பொலாக்சமர் மாதிரியான பாலிமரைச் சேர்க்கும்போது பெரும்பாலோர் அதை எதிலும் தலையிடாத பொருளாகவே நினைத்துக்கொள்கிறார்கள். புதிதாக ஆய்வகத்துக்கு வருபவர்கள் தடுக்கி விழும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த நினைப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. பாலிமர் பிஎச்சை நகர்த்தும், தண்ணீரின் இடத்தை எடுத்துக்கொள்ளும், தன்னோடு மாசையும் கொண்டுவரும். அதனால் ஒவ்வொரு படியையும் எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம்.

இங்கே ஒரே கரைசலை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்: 20 மில்லிமோலார் ஹெப்பீஸ் (பிஎச்சைத் தாங்கும் பொருள்), 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 10 சதவீதம் பிஇஜி 8000 (எண் சராசரி மூலக்கூறு எடை), பிஎச் 7.4, மொத்தம் 500 மில்லிலிட்டர். வேறு பாலிமருக்கும் வரிசை இதுவே. மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. பாலிமர் எதற்கு என்று முதலில் எழுதிவையுங்கள்

செல்லுக்குள் பெரிய மூலக்கூறுகள் அடர்ந்திருக்கும் நெரிசலைப் போலச் செய்யவா? புரதத்தைக் குளிரில் காக்கவா? கலக்கும் வேகத்தில் செல்கள் சிதையாமல் தடுக்கவா? அல்லது பாலிமரே பிஎச்சைத் தாங்க வேண்டுமா? நோக்கத்தைப் பொறுத்துப் பாலிமரும் மாறும், பின்னால் செய்யவேண்டிய ஒப்பீட்டுச் சோதனையும் மாறும்.

நெரிசலுக்கு பிஇஜி 8000, ஃபைகால் 70, டெக்ஸ்ட்ரான் 70 ஆகியவை வழக்கம். மூன்றும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. பிஇஜி புரதப் பரப்போடு லேசாக ஒட்டவும் செய்யும், புரதத்தை வீழ்படிவாக்கவும் செய்யும். ஒரே ஒரு பாலிமரில் கிடைத்த விளைவை நெரிசலின் விளைவு என்று சொல்ல முடியாது. இரண்டு வகையிலாவது பாருங்கள்.

செல்லைக் காக்க பொலாக்சமர் 188 நல்ல தேர்வு. பாலிஎத்திலீன்இமைன் மாதிரி நேர்மின்னூட்டம் மிக்கவை நியூக்ளிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும், செல் சவ்வையும் குலைக்கும். உயிரிணக்கம்தான் தேவை என்றால் அவற்றை வேறு வழியே இல்லாத இடத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

பிஎச் மீட்டர், அதோடு சந்திப்பு (மின்முனையின் உள்கரைசல் வெளிக்கரைசலைத் தொடும் துளை) எளிதில் அடைக்காத மின்முனை. செராமிக் சந்திப்பைவிட உறை வகைச் சந்திப்பு பாகான கரைசலுக்கு ஏற்றது. 0.01 கிராம் வரை காட்டும் தராசு, அளவுக் குடுவைகள், காந்தக் கலக்கி, 0.45 மற்றும் 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டிகள், பெராக்சைடு சோதனைப் பட்டை, ஒளி உறிஞ்சல் அளக்கும் கருவி. செல்லுக்கான கரைசல் என்றால், கரைந்த துகள்களின் மொத்தச் செறிவை (ஆஸ்மோலாலிட்டியை) அளக்கும் ஆஸ்மோமீட்டரும் வேண்டும்.

ஆய்வகத்தில் நிறை நிறமாலைமானி இருந்தால் பிஇஜிக்கென்று தனிக் கண்ணாடிப் பாத்திரம் ஒதுக்கிவிடுங்கள். துளி ஒட்டியிருந்தாலும் 44 டால்டன் இடைவெளியில் ஏணி போல உச்சிகள் வரிசைகட்டி, அடுத்தவரின் மாதிரியைப் பாழாக்கிவிடும்.

3. பஃபர் உப்பைத் தேர்ந்தெடுத்தல்

வேண்டிய பிஎச்சுக்கு ஓர் அலகுக்குள் பிகேஏ (பஃபர் பொருள் பாதி அமிலமும் பாதி காரமுமாக இருக்கும் பிஎச்) இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. நடைமுறையில் அரை அலகுக்குள் இருப்பதைத் தேடுங்கள். 25 டிகிரி செல்சியஸில் மெஸ் 6.1, பைப்ஸ் 6.8, மாப்ஸ் 7.2, ஹெப்பீஸ் 7.5, டிரிஸ் 8.1.

அடுத்தது வெப்பநிலை. டிரிஸின் பிகேஏ ஒரு டிகிரிக்கு 0.028 அலகு குறையும். 25 டிகிரியில் 7.4 என்று வைத்த டிரிஸ் பஃபர் குளிர் அறையின் 4 டிகிரியில் ஏறக்குறைய 8.0 ஆகிவிடும், 37 டிகிரியில் 7.1க்கு இறங்கிவிடும். ஹெப்பீஸ் இதில் பாதி அளவே நகரும், பாஸ்பேட் கிட்டத்தட்ட நகராது. எந்த வெப்பநிலையில் சோதனை நடக்குமோ அங்கேயே பிஎச்சை வைப்பது பாதுகாப்பு.

பாலிமரோடு வரும் சிக்கல்கள் தனி. பாஸ்பேட் உப்பும் பிஇஜியும் செறிவு கூடினால் ஒரே கரைசலாக இருக்காது. பிஇஜி 8000, பொட்டாசியம் பாஸ்பேட் இரண்டும் 10 சதவீத அளவில் சேர்ந்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். பிஇஜியும் டெக்ஸ்ட்ரானும் அப்படித்தான். இந்தப் பிரிதலைப் பயன்படுத்திப் புரதத்தைப் பிரிக்கும் முறையே உண்டு. நமக்கு வேண்டியது ஒரே அடுக்கு என்பதால், 10 மில்லிமோலார் பாஸ்பேட்டுக்குக் கவலை வேண்டாம், மோலார் கணக்கிலான பாஸ்பேட்டோடு மட்டும் பிஇஜியைக் கலக்காதீர்கள்.

டிரிஸில் முதன்மை அமீன் உண்டு. பாலிமர் சிதைந்து வரும் ஆல்டிஹைடை அது பிடிக்கும், புரதத்தில் அமீன் வழி நிறமேற்றும் வினைகளிலும் போட்டிக்கு வரும். ஹெப்பீஸுக்கும் ஒரு குறை உண்டு: ரிபோஃப்ளேவின் உள்ள ஊடகத்தில் வெளிச்சம் பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும். செல் சோதனைக்கு எடுத்தால் இருட்டில் வையுங்கள்.

4. பாலிமர் புட்டியைச் சோதித்தல்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கோ மற்ற எல்லாப் படிகளையும்விட இது முக்கியமாகத் தெரிகிறது.

பிஇஜி காற்றில் உள்ள ஆக்சிஜனோடு தானாகவே வினைபுரியும். வெளிச்சமும் சூடும் உலோகத் தடயமும் அதை வேகப்படுத்தும். முதலில் பெராக்சைடு, பிறகு சங்கிலி அறுந்து ஆல்டிஹைடு, கடைசியில் ஃபார்மிக் அமிலம். பெராக்சைடு புரதத்தின் சிஸ்டீனையும் மெத்தியோனினையும் ஆக்சிஜனேற்றம் செய்யும், ஆல்டிஹைடு லைசினோடு ஒட்டும், அமிலம் பஃபரைத் தின்னும். நொதி மெதுவாகச் செயலிழப்பதைப் பார்த்து நெரிசலின் விளைவு என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் பல மாதமாகத் திறந்தும் மூடியும் வைத்த புட்டி.

முதல் சோதனை எளிது. 10 சதவீதக் கரைசல் செய்து பெராக்சைடு பட்டையை நனைத்துப் பாருங்கள். அடர்த்தியான மூலக்கரைசலில் நேரடியாக நனைத்தால் பாகுநிலை காரணமாக நிறம் மெதுவாக வரும், குறைவாகப் படிப்பீர்கள். எண்ணாகவே வேண்டும் என்றால் இரும்பு–சைலினால் ஆரஞ்சு முறை உதவும்: பெராக்சைடு இரண்டாம் நிலை இரும்பை மூன்றாம் நிலைக்கு மாற்றும், அது சைலினால் ஆரஞ்சோடு சேர்ந்து 560 நானோமீட்டரில் உறிஞ்சும். அளவுகோல் வளைவுக்கான ஹைட்ரஜன் பெராக்சைடை 240 நானோமீட்டரில் அளந்து செறிவை உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய புட்டியின் மேல் எழுதியுள்ள சதவீதத்தை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, அதே கரைசலின் பிஎச். பஃபரே இல்லாத நீரில் மின்முனை அலைபாயும் என்பதால் கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு சேர்த்து அளவிடுங்கள். முதன்முதலில் திறந்த நாளின் அளவைப் புட்டியிலேயே எழுதுங்கள். பின்னால் அது அமிலப் பக்கம் நகர்ந்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, 220 முதல் 350 நானோமீட்டர் வரை ஒளி உறிஞ்சல். 280இல் உயரம் தெரிந்தால் புரத அளவீடு பொய் சொல்லும். பாலிவினைல்பைரோலிடோன் தன்னளவிலேயே தாழ்ந்த புறஊதாப் பகுதியில் வலுவாக உறிஞ்சும் என்பதால் அங்கே இந்தச் சோதனையின் பொருளே வேறு.

மோசமாக இருந்தால் சுத்திகரிக்க முயலாதீர்கள், வேறு புட்டியை எடுங்கள். நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பி முத்திரையிட்ட சிறு புட்டிகளாக வாங்குவது பெரிய டப்பாவைவிட நல்லது. சில தயாரிப்புகளில் பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன் (BHT) என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்த்திருப்பார்கள். சான்றிதழில் அதைத் தேடிப் பாருங்கள், ஏனென்றால் அதுவும் உங்கள் வினைக்குள் வரும்.

டெக்ஸ்ட்ரானுக்குக் கவலை வேறு. அதன் சங்கிலி முனையில் ஒடுக்கும் சர்க்கரை இருக்கிறது. புரதத்தோடு நெடுநாள் வைத்தால் லைசினோடு மெதுவாகப் பிணையும்.

5. மூலக்கரைசல்கள்

ஹெப்பீஸ் 1 மோலார்: 23.83 கிராமை 80 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச்சைச் சரிசெய்து, 100 மில்லிலிட்டராக்குங்கள். அடர்ந்த கரைசலில் வைத்த பிஎச் நீர்த்தபின் சற்று மாறும். அதனால் ஒரு துளியை 20 மில்லிமோலாராக நீர்த்து, அதில் 7.4 வருகிறதா என்று பார்த்த பிறகே மூடியைப் பூட்டுங்கள்.

சோடியம் குளோரைடு 5 மோலார்: 29.22 கிராம், 100 மில்லிலிட்டருக்கு.

பிஇஜி 8000, 50 சதவீதம் (100 மில்லிலிட்டர் கரைசலில் 50 கிராம்): 50 கிராமை நிறுத்து, 100 மில்லிலிட்டர் அளவுக் குடுவையில் முதலில் 50 மில்லிலிட்டர் நீர் மட்டும் ஊற்றுங்கள். 100 மில்லிலிட்டர் நீரில் 50 கிராமைக் கொட்டுவதுதான் இங்கே மிக அதிகமாக நடக்கும் பிழை. ஒரு கிராம் பிஇஜி ஏறக்குறைய 0.84 மில்லிலிட்டர் இடத்தை எடுக்கும். 50 கிராமுக்கு 42 மில்லிலிட்டர். மொத்தம் 142 ஆகி, செறிவு 35 சதவீதத்துக்கு வந்துவிடும்.

மெதுவாகச் சுழற்றிக் கரையுங்கள். நுரைக்க நுரைக்கக் கலக்கினால் காற்றைத்தான் உள்ளே திணிக்கிறீர்கள், அதோடு ஆக்சிஜனையும். கரைந்து, அறை வெப்பநிலைக்கு வந்து, குமிழி அடங்கிய பிறகு குறிவரை நிரப்புங்கள்.

பொலாக்சமர் 407 என்றால் முறை தலைகீழ். அதைக் குளிரில், 4 டிகிரியில் கரைக்க வேண்டும். செறிவு 20 சதவீதத்தை நெருங்கினால் அறை வெப்பநிலைக்கு வரும்போதே ஜெல் ஆகிவிடும்.

6. கலக்கும் வரிசை

பீக்கரில் முதலில் 350 மில்லிலிட்டர் நீர். பிறகு ஹெப்பீஸ் 10 மில்லிலிட்டர், அதன்பின் சோடியம் குளோரைடு 15 மில்லிலிட்டர். நன்றாகக் கலந்ததும் பிஎச்சை ஒருமுறை அளந்து எழுதிவிட்டு (7ஆம் படி), பிஇஜி 100 மில்லிலிட்டரைச் சுழலும் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அளவுக் குடுவைக்கு மாற்றி 500 ஆக்குவது 7ஆம் படியின் அளவீட்டுக்குப் பிறகு.

பாலிமர் ஏன் கடைசி? அடர்ந்த பிஇஜிமேல் 5 மோலார் உப்பை ஊற்றினால் அவை சந்திக்கும் இடத்தில் செறிவு எல்லை தாண்டி, கலங்கல் வரும். அது பெரும்பாலும் திரும்பக் கரையும். ஆனால் கரைசலில் ஏற்கெனவே புரதம் இருந்தால் வீழ்ந்தது திரும்புமா என்பதற்கு உறுதி கிடையாது.

அடர்ந்த பிஇஜியைச் சாதாரண பைப்பெட்டால் அளக்காதீர்கள். சுவரில் ஒட்டிக்கொண்டு குறைவாகவே இறங்கும். 50 சதவீத மூலக்கரைசலின் அடர்த்தி மில்லிலிட்டருக்குச் சுமார் 1.08 கிராம். எனவே 100 மில்லிலிட்டருக்கு 108 கிராமை நிறுத்து ஊற்றுவதே நேர்வழி. சிறு அளவுகளுக்கு அழுத்துதண்டு நேரடியாகத் தள்ளும் வகைப் பைப்பெட் வேண்டும்.

இன்னொன்றும் கணக்கில் வேண்டும். 10 சதவீத பிஇஜி லிட்டரில் 84 மில்லிலிட்டரை எடுத்துக்கொள்கிறது. உங்கள் 150 மில்லிமோலார் உப்பு உண்மையில் மீதி நீரில்தான் இருக்கிறது, நீரின் கணக்கில் அது 160ஐத் தாண்டும். 30 சதவீதத்தில் இந்த வித்தியாசம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அயனி வலிமைக்கு உணர்வுள்ள நொதி என்றால், மோலாரிட்டியை (கரைசல் லிட்டருக்கு) சமமாக வைப்பதா, மோலாலிட்டியை (நீர் கிலோவுக்கு) சமமாக வைப்பதா என்று முடிவெடுத்து, அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அடுத்தவர் உங்கள் முடிவைத் திரும்ப எட்ட முடியாது.

7. பிஎச் அளவீடு

பாலிமர் சேர்க்கும் முன் ஒரு முறை, சேர்த்தபின் ஒரு முறை என இரண்டு எண்களையும் எழுதுங்கள்.

சேர்த்தபின் எண் நகர்ந்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: பாலிமரில் இருந்த அமிலம், நீரின் தன்மை மாறி பிகேஏ நகர்ந்தது, அல்லது மின்முனையின் சந்திப்பில் ஏற்பட்ட மின்னழுத்த மாற்றம். மூன்றாவது உண்மையான பிஎச் மாற்றமே இல்லை. அதனால் பாலிமர் கரைசலில் மீட்டர் காட்டும் எண்ணை 7.40க்கு இழுக்க அமிலமோ காரமோ சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்காதீர்கள். நகர்வு 0.1க்குள் என்றால் நான் அப்படியே விட்டுவிட்டு இரண்டு எண்களையும் அறிக்கையில் தருவேன். அதற்கு மேல் போனால் 4ஆம் படிக்குத் திரும்பிப் புட்டியைச் சந்தேகிப்பேன்.

எண் நிற்கும்வரை காத்திருங்கள். பாகான கரைசலில் இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகலாம். முடிந்ததும் நீரால் நன்றாகக் கழுவி, தரக் கரைசலில் மறுபடி நனைத்துப் பாருங்கள். அங்கே எண் விலகினால் சந்திப்பில் பாலிமர் அடைத்திருக்கிறது, சற்றுமுன் எழுதிய எண்ணும் செல்லாது. குமிழைத் துடைத்துத் தேய்க்க வேண்டாம். மின்முனையை 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் ஊறவையுங்கள்.

8. வடிகட்டல்

முதலில் 0.45, பிறகு 0.22 மைக்ரோமீட்டர். நேராக 0.22இல் தள்ளினால் சவ்வு அடைத்துக்கொள்ளும், அழுத்தம் கூட்டினால் கிழியும். மூலக்கரைசலை வடிகட்டுவதைவிட 10 சதவீதக் கரைசலை வடிகட்டுவது வெகு சுலபம்.

ஆட்டோகிளேவ் வேண்டாம். சூடும் ஆக்சிஜனும் சேர்ந்து 4ஆம் படியில் பட்ட பாட்டை வீணாக்கும்.

9. ஒப்பீட்டுக் கரைசல்கள்

பாலிமர் இல்லாத அதே பஃபர் ஒன்று மட்டும் போதாது. பாலிமர் சங்கிலியில் மீண்டும் மீண்டும் வரும் சிறு அலகை ஒத்த பொருளை அதே எடைச் சதவீதத்தில் சேர்த்த கரைசலும் வேண்டும்: பிஇஜிக்கு எத்திலீன் கிளைகால், டெக்ஸ்ட்ரானுக்கு குளுக்கோஸ், ஃபைகாலுக்கு சுக்ரோஸ். அலகும் அதே விளைவைத் தந்தால், நீங்கள் பார்ப்பது பெரிய மூலக்கூறின் நெரிசல் இல்லை, வேதியியல்தான்.

நொதியின் வேகம் குறைந்தால் பாகுநிலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கிளிசராலோ சுக்ரோஸோ சேர்த்து அதே பாகுநிலைக்குக் கொண்டுவந்து ஒப்பிடலாம். ஆனால் விஸ்கோமீட்டர் காட்டும் எண்ணும், பாலிமர் வலைக்குள் ஒரு சிறு மூலக்கூறு உணரும் தடையும் ஒன்றல்ல. இந்த ஒப்பீட்டை ஒரு எல்லையாக மட்டும் கொள்ளுங்கள்.

எல்லாக் கரைசல்களும் ஒரே ஹெப்பீஸ் மூலத்திலிருந்து, ஒரே நாளில் வரட்டும்.

10. இணக்கச் சோதனை

புரதத்தோடு தொடங்குங்கள். உங்கள் புரதத்தைக் கரைசலில் ஓர் இரவு வைத்து, 350 நானோமீட்டரில் கலங்கலைப் பாருங்கள். மையவிலக்கில் சுழற்றி மேல்நீரின் 280 அளவை எடுங்கள். பெரிய புரதங்கள் குறைந்த பிஇஜியிலேயே வீழும். 10 சதவீதத்தைத் தாண்டும்போது எதிர்பொருள்களுக்கு இது நிஜமான ஆபத்து. மேல்நீரில் அளவு குறைந்திருந்தால் நொதிச் செயல்பாட்டைப் பற்றிப் பேசவே முடியாது, ஏனென்றால் நொதியே கரைசலில் இல்லை.

அடுத்து, செயல்பாடு. கலந்த உடனே ஒன்று, 24 மணி நேரம் கழித்து ஒன்று. முதல் எண் சரியாக இருந்து இரண்டாவது விழுந்தால் பெராக்சைடின் பக்கம் பாருங்கள்.

செல்லுக்கு என்றால் முதலில் ஆஸ்மோலாலிட்டி. பாலூட்டி செல்களுக்குக் கிலோவுக்கு 280 முதல் 300 மில்லிஆஸ்மோல் சுற்றி இருக்க வேண்டும். பிஇஜியின் பங்கு செறிவோடு நேர்கோட்டில் ஏறாது, கூடக்கூட வேகமாக ஏறும். காகிதக் கணக்கு உதவாது, அளந்தே ஆக வேண்டும். அதிகமானால் சோடியம் குளோரைடைக் குறைத்துச் சரிசெய்யுங்கள்.

செல் நச்சுத்தன்மைக்கு ஐஎஸ்ஓ 10993-5 என்னும் சர்வதேசத் தரம் ஒரு தெளிவான கோடு தருகிறது: உயிர்ப்பு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நச்சு. எம்டிடி முறையில் (உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும் சாயத்தைக் கொண்டு) செய்தால் செல் இல்லாத குழியில் பாலிமரை மட்டும் போட்டு ஒரு சோதனை வையுங்கள். ஒடுக்கும் தன்மையுள்ள எதுவும் செல்லே இல்லாமல் ஊதா நிறம் தரும். இரத்தத்தைத் தொடும் வேலை என்றால் சிவப்பணுச் சிதைவையும் பாருங்கள். 5 சதவீதத்துக்கு மேல் போனால் அந்தக் கரைசலை விட்டுவிடுங்கள்.

எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து வரும் நச்சு) சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. குதிரைலாட நண்டின் இரத்த அணுச் சாற்றைக் கொண்டு செய்யும் முறை பீட்டா குளுக்கானுக்கும் வினைகாட்டும். செல்லுலோஸ் வடிகட்டியிலிருந்து கசிவது உட்பட, சர்க்கரைப் பாலிமர் வேலையில் பொய்யான நேர்முடிவு வர வாய்ப்பு அதிகம். நண்டின் ஒரு புரதத்தை மரபணு முறையில் தயாரித்துப் பயன்படுத்தும் மறுசேர்க்கை காரணி சி முறை அதைத் தவிர்க்கும். கரைசல் வினையை அடக்குகிறதா என்று தெரிய, அறிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து அது திரும்பக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

11. பாலிமரே பஃபர் என்றால்

பாலிவினைல்இமிடசோல், பாலிஹிஸ்டிடின் போன்றவற்றில் பிஎச்சைத் தாங்குவது பாலிமரின் பக்கக் குழுக்கள். இங்கே செறிவை மூலக்கூறுக்கு எழுதாமல் அலகுக்கு எழுத வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சங்கிலி நீளங்களை ஒப்பிடவே முடியாது.

தனி மூலக்கூறின் பிகேஏவை இங்கே பயன்படுத்தாதீர்கள். ஒரு குழு புரோட்டானை ஏற்றதும் பக்கத்துக் குழு ஏற்கத் தயங்கும். அதனால் இமிடசோலுக்குரிய 7.0 பாலிமரில் கீழே இறங்கும், தாங்கும் பகுதியும் அகன்று தட்டையாகும். அயனி வலிமையை மாற்றினால் அதுவும் மாறும்.

150 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு புகாமல் நைட்ரஜன் ஓட்டத்தில், 0.1 மோலார் அமிலத்தால் கீழே இறக்கியும் காரத்தால் மேலே ஏற்றியும் டைட்ரேட் செய்யுங்கள். இரண்டு வளைவுகளும் ஒன்றாவிட்டால் காத்திருந்தது போதவில்லை, அல்லது மின்னூட்டம் இழந்த பாலிமர் கரையாமல் போகிறது. ஒவ்வொரு சேர்க்கைக்கும் இடையில் கலங்கலைக் கண்ணால் பாருங்கள்.

தாங்குதிறனை ஒப்பிட ஓர் அளவுகோல்: தனி மூலக்கூறு பஃபரின் உச்சத் தாங்குதிறன் அதன் செறிவில் 0.576 மடங்கு. 20 மில்லிமோலாருக்கு 11.5 மில்லிமோலார் வரும். உங்கள் பாலிமர் அதில் பாதிகூடத் தரவில்லை என்றால் வியப்பில்லை. செறிவைக் கூட்டுவதற்கு முன் அந்தக் கூட்டலை நொதி தாங்குமா என்று 10ஆம் படிக்குப் போய்ப் பாருங்கள்.

டயாலிசிஸ் செய்யும்போது மின்னூட்டமுள்ள பாலிமர் சவ்வின் இருபுறமும் அயனிகளைச் சமமாக இருக்க விடாது. வெளியே 7.4 இருந்தாலும் உள்ளே வேறு எண் இருக்கும். வெளிநீரில் உப்பைக் கூட்டினால் இந்த வேறுபாடு சுருங்கும். முடிந்தபின் உள்கரைசலையே அளவிடுங்கள்.

12. சேமிப்பு

10 முதல் 50 மில்லிலிட்டர் பங்குகளாகப் பிரித்து, மேல்வெளியை ஆர்கானால் நிரப்பி, இருண்ட புட்டியில், 4 டிகிரியில் வையுங்கள். நெடுநாளுக்கு என்றால் மைனஸ் 20. உறைந்து உருகியபின் அடியில் அடர்ந்த அடுக்கு தங்கும். தலைகீழாகப் பல முறை கவிழ்த்துக் கலக்கிய பிறகே எடுங்கள்.

0.1 மில்லிமோலார் ஈடிடிஏ உலோகத் தடயத்தைக் கட்டி ஆக்சிஜனேற்றத்தைத் தாமதப்படுத்தும். உலோகம் தேவைப்படும் நொதிக்கு அது ஆகாது. சோடியம் அசைடு நுண்ணுயிர் வளர்ச்சியைத் தடுக்கும், ஆனால் பெராக்சிடேஸ் போன்ற ஹீம் நொதிகளை முடக்கும், செல்லுக்கும் நச்சு. அசைடு சேர்த்த புட்டியின் மேல் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

சீட்டில் இருக்க வேண்டியவை: பாலிமரின் தொகுதி எண், புட்டியைத் திறந்த தேதி, பெராக்சைடு அளவு, பாலிமருக்கு முன்னும் பின்னும் எடுத்த பிஎச், அளந்த வெப்பநிலை. மாதம் ஒருமுறை ஒரு பங்கை எடுத்துப் பெராக்சைடையும் பிஎச்சையும் மறுபடி பாருங்கள். இரண்டில் எது நகர்ந்திருந்தாலும் அந்தத் தொகுப்பு முழுவதையும் கொட்டிவிட்டு 4ஆம் படியிலிருந்து தொடங்குங்கள்.